மாறியது எது, மிஞ்சியது எது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் ஒரு பதிலில், “சிம்பன்ஸியும் நாமும் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள்” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களுக்கே இந்த மாதப் பக்கம் முழுவதும் சரியாகிவிட்டது. சில கடிதங்களில் கோபம் இருக்கிறது, பலவற்றில் உண்மையான குழப்பம் இருக்கிறது. 31 வருடம் விலங்கியல் நடத்தியவள் நான். இந்த இரண்டையும் வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன், இரண்டின் மீதும் எனக்கு மரியாதை உண்டு. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: அம்மா, விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் எனக்கும் என் மாமனாருக்கும் இதே வாக்குவாதம். “குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது?” என்கிறார். பதில் சொல்லத் தொடங்கினாலே சண்டையாகிவிடுகிறது. எப்படிச் சொல்வது?

பதில்: உங்கள் மாமனார் கேட்பது நியாயமான கேள்வி. ‘குரங்கிலிருந்து மனிதன்’ என்று பரிணாமத்தை ஏற்பவர்களே தவறாகச் சொல்லிச் சொல்லி வந்த வினை இது. இன்றைக்கு மரத்தில் தாவிக்கொண்டிருக்கும் எந்தக் குரங்கிலிருந்தும் மனிதன் வரவில்லை. உறவுமுறை வைத்துச் சொல்லிப் பாருங்கள். நீங்களும் உங்கள் பெரியப்பா மகனும் ஒரே தாத்தாவின் பேரன்கள். நீங்கள் பெரியப்பா மகனுக்குப் பிறந்தவர் இல்லை. நீங்கள் பிறந்துவிட்டீர்கள் என்பதற்காக அவர் இல்லாமல் போக வேண்டியதும் இல்லை. சிம்பன்ஸி நமக்குப் பெரியப்பா வீட்டு வழி. பொதுவான அந்தத் தாத்தா சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்து மறைந்த ஓர் உயிரினம். அது சிம்பன்ஸியும் இல்லை, மனிதனும் இல்லை.

“அப்படி ஒரு தாத்தா இருந்ததற்கு என்ன சாட்சி?” என்று அடுத்துக் கேட்பார். கேட்கட்டும். வகுப்பில் நான் எப்போதும் எடுத்துக்கொண்ட சாட்சி வைட்டமின் சி. பெரும்பாலான பாலூட்டிகள் அதைத் தம் ஈரலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. நம்மால் முடியாது. உணவில் கிடைக்காவிட்டால் ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வரும். ஆனால் அதைத் தயாரிப்பதில் கடைசிப் படிக்கு வேண்டிய மரபணு நம் உடலில் இன்னும் இருக்கிறது, உடைந்த நிலையில். சிம்பன்ஸியிடமும் கொரில்லாவிடமும் அதே மரபணு, அதே மாதிரி உடைந்து கிடக்கிறது. கினிப்பன்றிக்கும் இந்தத் திறன் கிடையாது. ஆனால் அதன் மரபணு வேறு விதமாக உடைந்திருக்கிறது. இரண்டு விடைத்தாள்களில் சரியான விடை ஒன்றுபோல இருந்தால் நான் எதையும் யோசிக்க மாட்டேன். ஒரே எழுத்துப்பிழை, ஒரே இடத்தில், இரண்டு தாளிலும் இருந்தால் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று தெரிந்துவிடும். இங்கேயும் அப்படித்தான்.

அப்புறம், சண்டை. பேச உட்காரும் முன்பு இருவரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்: “எதைக் காட்டினால் நான் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன்?” முதலில் நீங்கள் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், மீன்களே தோன்றாத காலத்துப் பாறையில், கலையாத அடுக்கில், ஒரு பாலூட்டியின் எலும்பைக் காட்டினால் போதும் என்பேன். பிறகு அவரைக் கேளுங்கள். “எதைக் காட்டினாலும் மாற மாட்டேன்” என்று அவர் சொன்னால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். உறவு முக்கியம்.

கேள்வி: “கிருமிகள் மருந்துக்குப் பழகிவிட்டன” என்று டாக்டர்களே சொல்கிறார்கள். ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்து நீண்டது போலத்தானே இதுவும்? தேவை வந்தால் உடம்பு மாறிக்கொள்ளும், அதுதானே பரிணாமம்? நர்சிங் படிக்கிறேன், தேர்வுக்கும் உதவும்.

பதில்: வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். ‘பழகிவிட்டது’ என்ற சொல் நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை இது காட்டுகிறது. பழகுவது என்றால் ஒரே ஆள் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவது. குளிர்ந்த நீரில் குளித்துப் பழகுவது போல. கிருமி விஷயத்தில் நடப்பது அதுவா?

1952-இல் எஸ்தர் லெடர்பெர்க், ஜோஷுவா லெடர்பெர்க் தம்பதி இதைச் சோதித்தார்கள். கருவி ஒரு வெல்வெட் துணி. ஒரு தட்டில் பாக்டீரியாக்களை வளரவிட்டார்கள். புள்ளி புள்ளியாகக் கூட்டங்கள் முளைத்தன. அதன் மேல் வெல்வெட்டை மெதுவாக அழுத்தி எடுத்தார்கள். முத்திரை வைப்பது போல அதே துணியை மருந்து கலந்த புதுத் தட்டுகளில் ஒவ்வொன்றாக அழுத்தினார்கள். முதல் தட்டில் எந்தக் கூட்டம் எங்கே இருந்ததோ, அதன் நகல் புதுத் தட்டுகளிலும் அதே இடத்தில் விழும். பெரும்பாலான கூட்டங்கள் மருந்தில் செத்துப்போயின. ஒன்றிரண்டு பிழைத்தன. எல்லாத் தட்டுகளிலும் ஒரே இடத்தில் பிழைத்தன என்பதுதான் விஷயம். மருந்தைப் பார்த்த பிறகு பழகியிருந்தால் ஒவ்வொரு தட்டிலும் வெவ்வேறு இடத்தில் அல்லவா பிழைத்திருக்க வேண்டும்? மருந்தே படாத முதல் தட்டுக்குத் திரும்பிப் போய் அந்த இடத்துப் பாக்டீரியாவை எடுத்துப் பார்த்தார்கள். அது மருந்தைத் தாங்கியது. தாங்கும் தன்மை மருந்து வருவதற்கு முன்பே, பாக்டீரியா பெருகும்போது அதன் மரபணு நகலெடுப்பில் நேர்ந்த ஒரு பிழையாக, அங்கே இருந்திருக்கிறது.

ஆக, எந்தக் கிருமியும் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. தாங்காதவை போயின, தாங்கியவை மிஞ்சின, மிஞ்சியவற்றின் பிள்ளைகளால் தட்டு நிறைந்தது. தேர்வில் ‘பழகின’ என்று எழுதாதீர்கள், ‘தேர்ந்தெடுக்கப்பட்டன’ என்று எழுதுங்கள். இதற்குப் பெயர்தான் இயற்கைத் தேர்வு. பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், 1945-இல் நோபல் உரையிலேயே, குறைந்த அளவில் மருந்தை எடுத்தால் தாங்கும் கிருமிகளை நாமே வளர்த்துவிடுவோம் என்று எச்சரித்தார்.

ஒட்டகச்சிவிங்கியும் இப்படித்தான். கழுத்தை நீட்டிய பயிற்சி குட்டிக்குப் போவதில்லை. அது 1809-இல் லாமார்க் முன்வைத்த எண்ணம். அன்றைக்கு அது மோசமான ஊகம் இல்லை, ஆனால் சோதனையில் நிற்கவில்லை.

கேள்வி: கிருமி சரி. கண்ணுக்குத் தெரிகிற ஒரு பிராணி மாறுவதை யாராவது பார்த்ததுண்டா? லட்சக்கணக்கான வருடம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறீர்கள்.

பதில்: தப்பிக்கவில்லை. பார்த்திருக்கிறார்கள், அளந்தும் இருக்கிறார்கள்.

பசிபிக் கடலில் காலபகோஸ் தீவுகளில் டாஃப்னி மேஜர் என்று ஒரு குட்டித் தீவு. அரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லை. 1973-இலிருந்து பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதி ஆண்டுதோறும் அங்கே போய் ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் போட்டு, அலகின் நீளம், அகலம், தடிமன் எல்லாவற்றையும் அளந்து திரும்ப விட்டார்கள். எந்தக் குஞ்சு எந்தக் கூட்டில் பிறந்தது என்பது வரை குறிப்பு இருந்தது.

1977-இல் மழை பொய்த்தது. செடிகள் காய்ந்தன. சின்னஞ்சிறு விதைகளைக் குருவிகள் முதலில் தின்று தீர்த்தன. கடைசியில் மிஞ்சியது நெருஞ்சி இனத்துச் செடி ஒன்றின் முள்காய். நெருஞ்சியை மிதித்தவர்களுக்கு அந்தக் காய் எவ்வளவு கெட்டி என்று தெரியும். தடித்த அலகு உள்ள குருவியால் அதை உடைக்க முடிந்தது. மெல்லிய அலகு உள்ளது முயன்று பார்த்துக் கைவிட்டது. ‘நடுத்தர நிலக்குருவி’ எனப்படும் அந்த ஃபிஞ்ச் இனத்தில் நூற்றுக்கு 85 அழிந்தன. பிழைத்தவற்றின் அலகு, பஞ்சத்துக்கு முந்தைய சராசரியைவிட அரை மில்லிமீட்டர் அளவு தடிமன். அவற்றுக்குப் பிறந்த குஞ்சுகளின் அலகும் தடித்தே இருந்தது.

இத்துடன் பலர் கதையை நிறுத்திவிடுவார்கள். எனக்கு இதற்குப் பின் நடந்ததுதான் முக்கியம். 1983-இல் எல் நினோ, அதாவது பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் காலம். தீவில் பேய்மழை. கொடிகள் படர்ந்து சிறு விதைகள் குவிந்தன. இப்போது தடித்த அலகு பெரிய லாபம் தரவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் சிறிய அலகுக்காரர்கள் முந்தினார்கள், சராசரி திரும்பச் சிறுத்தது. பரிணாமம் ஒரே திசையில் போகும் ரயில் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு தீவின் பத்து வருடக் கணக்கு போதும்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் காவாய் தீவு. சுவர்க்கோழி என்கிறோமே, இரவெல்லாம் இறக்கையை உரசிக் கத்தும் பூச்சி, அதன் இனம் ஒன்று அங்கே உண்டு. ஆண் கத்தினால்தான் பெண் வரும். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு ஈயும் வரும். வந்து அதன் மேல் புழுக்களை விட்டுப் போகும். புழுக்கள் உள்ளே புகுந்து தின்றுவிடும். 2003 வாக்கில் ஆய்வாளர்கள் போனபோது தீவு ஏறக்குறைய நிசப்தமாக இருந்தது. பூச்சிகள் அழிந்துவிட்டன என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். விளக்கடித்துப் பார்த்தால் நிறைய இருந்தன. ஆண்களில் பத்துக்கு ஒன்பதின் இறக்கையில் உரசும் பகுதியே இல்லை. இருபது தலைமுறைக்குள் நடந்தது இது. ஊமையான ஆண்கள், அப்போதும் கத்திக்கொண்டிருந்த மிச்சச் சில ஆண்களின் அருகில் போய் நின்று, வரும் பெண்களைச் சந்தித்தன. பிறகு ஓவாஹு என்ற பக்கத்துத் தீவிலும் ஊமை ஆண்கள் தென்பட்டன. அங்கே இறக்கை வேறு மாதிரி மாறியிருந்தது, அதற்குக் காரணமான மரபணு மாற்றமும் தனி.

கேள்வி: அலகு தடித்தது, சத்தம் போனது, சரி. ஆனால் குருவி குருவிதான், பூச்சி பூச்சிதான். மீன் நிலத்துக்கு வந்தது என்றெல்லாம் சொல்வது கற்பனைதானே?

பதில்: பெரிய மாற்றத்தை ஒரு மனித ஆயுளில் உட்கார்ந்து பார்க்க முடியாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது நடந்திருந்தால் எங்கே என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தோண்ட முடியும். தொல்லுயிர் ஆய்வாளர் நீல் ஷூபினும் அவர் குழுவும் செய்தது அதுதான். துடுப்புள்ள மீன்கள் மட்டும் இருந்த காலம் தெரியும். நான்கு கால் பிராணிகள் தெளிவாகக் கிடைக்கும் காலமும் தெரியும். நடுவில், சுமார் 37.5 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழமற்ற நீரோடைகளில் படிந்த பாறை வேண்டும். கனடாவின் வடகோடியில் எல்லெஸ்மியர் தீவில் அப்படிப்பட்ட பாறை இருந்தது. சில கோடைகள் போய் வந்த பிறகு, 2004-இல் கிடைத்தது டிக்டாலிக் என்ற பிராணியின் புதைபடிவம். செதிலும் செவுளும் உண்டு, எனவே மீன். முதலை போலத் தட்டைத் தலை, திருப்பக்கூடிய கழுத்து, துடுப்புக்குள் மேல்கை, முன்கை, மணிக்கட்டு எலும்புகளின் தொடக்கம். 2006-இல் வெளியிட்டார்கள்.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. 2010-இல் போலந்தில், 39 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது என்று கணித்த பாறையில், நாலு கால் தடங்கள் போன்றவை வெளியிடப்பட்டன. அவை உண்மையில் கால்தடங்கள்தாம் என்றால், டிக்டாலிக் நம் நேர்ப் பாட்டன் இல்லை, ஒன்றுவிட்ட உறவு. நிலமேறிய காலமும் முன்னே போகிறது. தடங்களைப் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால் துடுப்புக்குள் மணிக்கட்டு இருந்த ஒரு பிராணி, எதிர்பார்த்த மாதிரிப் பாறையில் கிடைத்தது என்பது மாறவில்லை.

கேள்வி: பாதிக் கண்ணால் என்ன பயன்? டார்வினே கண்ணைப் பற்றிச் சந்தேகப்பட்டாராமே?

பதில்: கண் இயற்கைத் தேர்வால் உருவானது என்பது முதல் பார்வைக்கு அபத்தமாகத் தோன்றும் என்று அவர் எழுதியது உண்மை. அந்த வாக்கியத்தோடு வெட்டிக்கொள்கிறார்கள். உடனே அடுத்து, எளிய கண்ணிலிருந்து சிக்கலான கண் வரை படிப்படியான வகைகள் உயிரோடு இருந்து, ஒவ்வொரு படியும் அதை உடையதற்குப் பயன்பட்டால் சிக்கல் தீரும் என்று எழுதுகிறார்.

அந்தப் படிகள் இன்றும் இருக்கின்றன. வெளிச்சமா இருட்டா என்று மட்டும் சொல்லும் ஒரு புள்ளி. குழிந்த கிண்ணம் போன்ற தட்டைப்புழுவின் கண், வெளிச்சம் எந்தப் பக்கம் என்றும் சொல்லும். சுருண்ட ஓட்டுக்குள் வாழும் நாட்டிலஸ் என்ற கடல்பிராணியின் கண்ணில் லென்ஸ் கிடையாது, ஊசித்துளை மட்டுமே. அதில் மங்கலாக உருவம் விழுகிறது, அதற்கு அது போதும். 1994-இல் நில்சன், பெல்கர் என்ற இருவர் ஒவ்வொரு படியையும் மிகச் சிறியதாக வைத்துக் கணக்கிட்டார்கள். தட்டையான ஒரு தோல்பகுதி லென்ஸ் உள்ள கண்ணாக 4 லட்சத்துக்கும் குறைவான தலைமுறைகள் போதும் என்று வந்தது.

நம் கண்ணில் நரம்புகள் விழித்திரைக்கு முன்புறமாக ஓடி, ஓர் ஓட்டை வழியாகப் பின்னால் போகின்றன. அந்த இடத்தில் நமக்குப் பார்வை இல்லை. ஆக்டோபஸுக்கு நரம்பு பின்புறமே இருக்கிறது, அந்தக் குருட்டுப்புள்ளி கிடையாது. வந்த வழியின் தழும்பு இது. ஒட்டகச்சிவிங்கியின் குரல்வளை நரம்பு மூளையிலிருந்து நெஞ்சு வரை இறங்கி, பெருந்தமனியைச் சுற்றி, திரும்ப மேலேறி, கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே போய்ச் சேர்கிறது. மீனுக்கு அது நேர்வழி. கழுத்து நீள நீள, நரம்பும் கூடவே இழுபட்டது.

கேள்வி: பரிணாம வளர்ச்சியில் மனிதன்தான் உச்சம் அல்லவா?

பதில்: ‘பரிணாம வளர்ச்சி’ என்ற தொடரை நான் எழுதுவதை நிறுத்திப் பல வருடமாகிறது. ‘வளர்ச்சி’ வந்ததும் கூடவே ஏணியும் வந்துவிடுகிறது. மெக்சிகோவில் ஒரே மீனினம் ஆற்றில் கண்ணோடும் குகைக்குள் கண்ணில்லாமலும் வாழ்கிறது. இரண்டும் சேர்ந்து இனப்பெருக்கம்கூடச் செய்யும். குகை மீன் பின்தங்கிய மீன் இல்லை. அங்கே அதுதான் வாழும் மீன். ‘பரிணாமம்’ என்று மட்டும் சொன்னால் போதும்.

கேள்வி: மனிதன் கை வைக்காமல் விட்டால் இயற்கை தானாகவே பழைய சமநிலைக்குத் திரும்பிவிடும் என்கிறார்கள். சரியா?

பதில்: மனசுக்கு ஆறுதலான எண்ணம். நானும் பல காலம் நம்பினேன். இதற்குப் பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது.

ஃபிரடெரிக் கிளெமென்ட்ஸ் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், காடு என்பது ஓர் உடல் போன்றது என்றார். வெட்டவெளியில் புல் முளைக்கும், பிறகு புதர், பிறகு மரம். கடைசியில் அந்தத் தட்பவெப்பத்துக்கு உரிய ‘உச்சநிலை’க் காடு வந்து அப்படியே நிற்கும். 1916-இல் அவர் இதை விரிவாக எழுதினார். 1926-இல் ஹென்றி கிளீசன் மறுத்தார். ஒவ்வொரு செடியும் தன் போக்கில் வருகிறது, தாங்க முடிந்த இடத்தில் நிற்கிறது, நாம் காடு என்று பெயர் வைப்பது அந்த நேரத்தில் ஒன்றாக நிற்பவற்றின் கூட்டத்துக்கு என்றார். அவரை நீண்ட காலம் யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு ஏரிகளின் அடிச்சேற்றில் அடுக்கடுக்காகப் படிந்திருந்த மகரந்தத்தை எண்ணத் தொடங்கினார்கள். பனியுகம் முடிந்து மரங்கள் வடக்கே நகர்ந்தபோது, இன்று பிரியாத ஜோடி போல நிற்கும் இனங்கள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வழியில் வந்து சேர்ந்திருந்தது தெரிந்தது. கிளீசன் சொன்னதன் பக்கம் நியாயம் இருந்தது.

ஐஸ்லாந்துக்குத் தெற்கே 1963 நவம்பரில் கடலுக்கடியில் எரிமலை வெடித்து சுர்ட்சி என்ற தீவு பிறந்தது. ஆய்வாளர்கள் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். 1965-லேயே கரையில் ஒரு கடலோரச் செடி முளைத்தது. பிறகு இருபது வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வளமில்லாத சாம்பல், லாவா. 1980-களின் நடுவில் கடற்காகங்கள் கூட்டமாக வந்து கூடு கட்டின. அவற்றின் எச்சம் மண்ணை உரமாக்கியது, கூடவே விதைகளும் வந்தன. அந்தப் பகுதி பச்சையானது. இதற்கிடையே கடல் தீவை அரித்துக்கொண்டே இருக்கிறது, தொடக்கத்தில் இருந்த பரப்பில் பாதி அளவே மிச்சம். எந்தச் சமநிலைக்கு அது திரும்பும்? திரும்ப ஒரு பழைய நிலையே அதற்குக் கிடையாது.

“அப்படி எல்லாமே மாறும் என்றால் காலநிலை மாறுவதற்கும் ஏன் கவலைப்பட வேண்டும்?” என்று இன்னொரு வாசகர் எழுதியிருக்கிறார். வேகத்துக்காகத்தான் ஐயா. கடைசிப் பனியுகம் விலகியபோது பூமியின் சராசரி வெப்பம் ஐந்து டிகிரி அளவுக்கு உயர ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டு ஆனது. இப்போது ஒன்றரை நூற்றாண்டில் ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. டாஃப்னி தீவில் குருவிகள் பஞ்சத்தைத் தாண்டியதற்குக் காரணம், தடித்த அலகுகள் கொஞ்சம் ஏற்கெனவே இருந்தன என்பது. நூறு வருடம் வாழும் ஒரு மரத்துக்கு அந்த நூறு வருடத்தில் எத்தனை தலைமுறை கிடைக்கும்? எங்கே நகரும், நடுவில் சாலையும் நகரமும் இருக்கும்போது? எல்லாம் மாறும் என்பதைச் சொல்லி இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பொறியாளர். எங்கள் துறையில் கணக்குப் போட்டால் விடை ஒன்றுதான். பரிணாமம் வெறும் கோட்பாடு. கணக்கு வைத்துப் பார்த்த இயற்பியலாளர்கள் அதை நிராகரித்த வரலாறும் உண்டே?

பதில்: உண்டு. பெரிய மனிதர் ஒருவர் நிராகரித்தார், கெல்வின் பிரபு. பூமி உருகிய உருண்டையாகத் தொடங்கி ஆறி வருகிறது என்று எடுத்துக்கொண்டு 1862-இல் அதன் வயதைக் கணக்கிட்டார். 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுகளுக்குள் என்று வந்தது. பின்னாளில் அதையும் 2 கோடி, 4 கோடி என்று குறுக்கினார். இயற்கைத் தேர்வுக்கு அது போதாது. டார்வின், ஒரு பள்ளத்தாக்கு அரிக்கப்பட 30 கோடி ஆண்டு ஆகியிருக்கும் என்று 1859-இல் எழுதிய தன் கணக்கை, கெல்வினுக்கு முன்பே எழுந்த விமர்சனங்களால், 1861 பதிப்பில் நீக்கியிருந்தார். கெல்வின் சொன்ன வயது அவரைக் கடைசி வரை உறுத்தியது.

கெல்வின் கூட்டல் கழித்தலில் தவறவில்லை. பூமியின் உள்ளே வெப்பம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மெதுவாகக் கடத்தப்படுகிறது என்று எடுத்துக்கொண்டார். 1895-இல் அவருடைய பழைய உதவியாளர் ஜான் பெர்ரியே அதைச் சுட்டிக்காட்டினார்: உள்ளே வெப்பம் வேகமாகப் பரவினால் வயது பல மடங்கு கூடும் என்று. மறு ஆண்டே கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அதை வைத்தே பாறைகளின் வயதை அளக்க வழி பிறந்தது. 1956-இல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களின் ஈயத்தை அளந்து 455 கோடி ஆண்டு என்றார். இன்றும் அது பெரிதாக அசையவில்லை. தேவைப்பட்ட காலத்தை உயிரியலாளருக்குக் கொடுத்தது இயற்பியல்தான்.

‘வெறும் கோட்பாடு’ பற்றி: கிருமியால் நோய் வருகிறது என்பதும் கோட்பாடுதான். அறிவியலில் அந்தச் சொல் ஊகத்துக்குச் சொல்வதில்லை, நிறையச் சோதனைகளைத் தாண்டிய விளக்கத்துக்குச் சொல்வது.

கேள்வி: கடவுளை நம்புகிறவர் பரிணாமத்தை ஏற்க முடியுமா?

பதில்: பரிணாமத்தின் வெளிச்சத்தில் அல்லாமல் உயிரியலில் எதற்கும் அர்த்தமில்லை என்று 1973-இல் எழுதிய மரபியலாளர் தியோடோசியஸ் டோப்ஜான்ஸ்கி கிறிஸ்தவ நம்பிக்கையாளர். அந்தக் கட்டுரையிலேயே அதைச் சொல்லியிருக்கிறார். ஏற்க மறுத்த நம்பிக்கையாளர்களும் உண்டு, நம்பிக்கையை விட்ட விஞ்ஞானிகளும் உண்டு. உங்கள் பதிலை நான் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன்.

கேள்வி: 31 வருடத்தில் நீங்கள் தவறாக நடத்தி, பிறகு மாற்றிக்கொண்டது ஏதாவது உண்டா டீச்சர்? (பதினொன்றாம் வகுப்பு மாணவன்)

பதில்: உண்டு தம்பி. ஹெக்கெல் படங்கள்.

எர்ன்ஸ்ட் ஹெக்கெல் என்ற ஜெர்மானியர் 1874-இல் மீன், ஆமை, கோழி, பன்றி, முயல், மனிதன் என்று வரிசையாகக் கருக்களை வரைந்தார். மேல் வரிசையில் எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும், கீழே வர வர வேறுபடும். பாடப்புத்தகங்களில் நூறு வருடத்துக்கு மேல் சுற்றிய படம். நான் அதைப் பார்க்காமலே கரும்பலகையில் வரைவேன், பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். ஒரு நாள் ஒரு மாணவி இடைவேளையில் வந்து சில நகல் தாள்களை மேசையில் வைத்தாள். 1997-இல் மைக்கேல் ரிச்சர்ட்சனும் சகாக்களும் அதே நிலையிலுள்ள உண்மையான கருக்களைப் புகைப்படமெடுத்து வெளியிட்டிருந்தார்கள். அளவு, வடிவம், உறுப்புகள் தோன்றும் நேரம் எல்லாவற்றிலும் வேறுபாடு தெரிந்தது. ஹெக்கெல் ஒற்றுமையைக் கூட்டி வரைந்திருக்கிறார். அவர் காலத்திலேயே ஒருவர் இதைக் கண்டித்திருக்கிறார்: அதற்கு முந்தைய ஒரு புத்தகத்தில் நாய், கோழி, ஆமை மூன்றுக்கும் ஒரே அச்சுக்கட்டையைப் பயன்படுத்தியதற்காக.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் படத்தை நம்பி எத்தனை பிள்ளைகள் எழுதித் தேறிப் போயிருப்பார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வகுப்பில் சொன்னேன். பின் வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான், “அப்படியென்றால் எல்லாம் பொய்யா?” நியாயமான கேள்வி. புகைப்படங்களையே கையில் எடுத்தோம். படம் போய்விட்டது, ஆனால் புகைப்படத்திலும் மனிதக் கருவுக்கு வால் இருக்கிறது. தொண்டைப் பக்கத்தில் வளைவுகளும் பைகளும் இருக்கின்றன. மீனில் அந்த இடம் செவுளாகிறது. நம்மில் அதே பைகளிலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாயும், தைமஸ் சுரப்பியும், பாராதைராய்டு சுரப்பிகளும் உருவாகின்றன. இவ்வளவுதான் மிஞ்சியது. அதை வைத்துக்கொண்டு பேசினோம்.

அந்த வருடத்திலிருந்து படத்தையும் புகைப்படத்தையும் அருகருகே மாட்டிவிட்டு, “எங்கே ஒற்றுமை, எங்கே வேறுபாடு, இரண்டையும் எழுதுங்கள்” என்று ஆளுக்கொரு தாள் கொடுப்பேன். ஒரு பீரியட் போதாது, மறுநாளும் நடக்கும்.